துரை அப்பாவின் தங்கை

தம்மாம்,
12 அக்டோபர் 2023.

மதிப்பிற்குரிய லாத்தா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கையெழுத்தைப் பார்த்ததும் கவரை மூடி வைத்துவிடாதீர்கள். உங்கள் தம்பி கலீல் ரஹ்மான்தான் எழுதுகிறேன். ஏழு வருஷமாகப் பேச்சில்லாமல் இருந்தவனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பீர்கள். உங்களுக்குக் காது முன்போலக் கேட்பதில்லை, போனை நீட்டினால் எரிந்து விழுகிறீர்கள் என்று ஃபவாஸ் அமீராவிடம் சொன்னானாம். உங்கள் மகனும் என் மகளுமாவது பேசிக்கொள்கிறார்களே, நல்லதுதான். வாட்ஸப்பில் எழுதலாமென்றால் அதை உங்கள் மருமகள் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். அதனால் மக்காவுக்கு உம்ரா செய்ய வருகிற நம் ஊர்க்காரர் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் சுகம். பெண்சாதி ஊரில் மூத்தவளோடு இருக்கிறாள். அமீரா கணவன், குழந்தையோடு அபுதாபியில். கடையில் வியாபாரம் மந்தம். வெள்ளிக்கிழமை ஆனால் ஜுபைல் காம்ப்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து டிரில் மிஷினும் ஸ்பானர் செட்டும் வாங்கிப் போன கூட்டம் இப்போது போனிலேயே வாங்கிக்கொள்கிறது. நான் கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி விஷயம். நம் வீட்டு மூதாதை துரை அப்பாவைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார்! அமீரா பொழுது போகாமல், குடும்ப மரம் வரைகிற ஏதோ ஒரு வலைத்தளத்தில், 'தூத்துக்குடிப் பக்கம் வந்து இஸ்லாத்தைத் தழுவி வாழ்ந்த ஓர் ஆங்கிலேயக் கப்பல் தச்சரின் வழியில் வந்தவர்கள் நாங்கள்' என்று எழுதி வைத்திருந்தாளாம். அதைப் படித்துவிட்டு இங்கிலாந்திலிருந்து டொரத்தி என்ற அம்மையார் எழுதியிருக்கிறார். எண்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவர், முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவருடைய கொள்ளுப்பாட்டிக்கு ஜேக்கப் ட்ரெவின் என்று ஓர் அண்ணன். ஃபால்மத் என்ற துறைமுகத்துக்காரர். 1867இல் கப்பலில் தச்சு வேலைக்குச் சேர்ந்து கிளம்பியிருக்கிறார். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் போட்டாராம், அடுத்த கப்பலில் வருகிறேன் என்று. அத்தோடு சரி. அந்தத் தங்கை கண் மூடும்வரை பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருந்தாராம், என் அண்ணனைக் கண்டவர்கள் சொல்லுங்கள் என்று.

டொரத்தி அம்மையாருக்குச் சொத்து வேண்டாம், சொந்தம் கொண்டாடவும் வேண்டாம். ஒன்றைத்தான் கேட்கிறார்: ஜேக்கப் சாகும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா? பிறந்த வீட்டை ஒரு தடவையாவது நினைத்தாரா? தனக்கு நாள் நெருங்கிவிட்டது, அதைத் தெரிந்துகொண்டு போனால் போதும் என்கிறார். எனக்கே கொஞ்சம் மனது இளகிவிட்டது.

நம் ஊர் முறையை அவருக்கு விளக்குவதற்குள் அமீரா களைத்துவிட்டாள். வீடு பெண்ணுக்குத்தான் போகும், கல்யாணமானதும் மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் வாழ்வான் என்றால் அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. நான் வாப்பா சொன்னதையே எழுதச் சொன்னேன். வீட்டைக் கட்டியவர் துரை அப்பா, அது அவருடைய மகனுக்கு உரியது, அந்த மகன் வழி வந்தவர்தான் நம் வாப்பா, ஊர் முறைக்காகப் பெருந்தன்மையோடு பெண் பக்கம் விட்டுக்கொடுத்தார்கள் என்று. ட்ரெவின் குடும்பத்தின் ஆண் வழியில் வந்த ஒருவர் ஏற்கெனவே மரபணுப் பரிசோதனை செய்து வைத்திருக்கிறாராம். ஆண் வழி என்றால் என்னுடையதோடு அப்படியே பொருந்த வேண்டும். அமீரா என்னைப் பார்க்க வந்தபோது பரிசோதனைக் கிட் கொண்டுவந்தாள். பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தைத் தேய்த்து அனுப்பிவிட்டேன்.

உங்களிடம் எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. தெரியப்படுத்துவது முறை என்று எழுதினேன். வீட்டைப் பார்க்க ஆள் வந்து போவதாக ஊரில் பேச்சு. அது உங்கள் வீடு, உங்கள் இஷ்டம்.

துஆவுடன்,
கலீல் ரஹ்மான்.


ஷரஃபியா, ஜித்தா,
3 நவம்பர் 2023.

அன்புத் தம்பி கலீலுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். 'மதிப்பிற்குரிய லாத்தா அவர்கள்' நலம். என்னடா இது, முனிசிபாலிட்டிக்கு மனு போடுகிறாயா? சின்ன வயதில் உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள் நான்.

எனக்குக் காது போனது உண்மை. வலது பக்கம் சுத்தமாக இல்லை. ஃபவாஸ் மிஷின் வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்டால் ஷரஃபியா தெருவிலுள்ள அத்தனை ஹாரனும் என் மண்டைக்குள் வந்து அடிக்கிறது, கழற்றி வைத்துவிட்டேன். பேசாமல் இருப்பதும் ஒரு சுகம்தான், அதை உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். கடையைப் பற்றி எழுதியிருக்கிறாய். அமீராவின் பிள்ளை யார் சாயல் என்று எழுதவில்லை. உன் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லை. உன் மச்சான் மவுத்தாகி என்னைத் தனியாக விட்டுப் போனபோது கொரோனா, பாதை அடைத்திருக்கிறது என்று சொன்னாய். சரி, உண்மைதான். பாதை திறந்த பிறகும் நீ வரவில்லை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் யாராவது கதவைத் தட்டினால் நான்தான் போய்த் திறந்தேன்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், பொய்யில்லை. பூட்டிக் கிடக்கிற வீடு. எனக்குப் பெண் இல்லை, ஃபவாஸ் அவன் பெண்சாதி வீட்டு மாப்பிள்ளை. அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய என்று அவனும் கேட்கிறான். வருகிறவர்களிடமெல்லாம், 'எந்தம்பிட்ட ஒரு வார்த்த கேக்கணும்' என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பத்திரம் என் பெயரில் இருக்க, தம்பியிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று தரகர் சிரிக்கிறாராம். சிரிக்கட்டும்.

துரை அப்பாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது வாப்பா சொன்னது. வாப்பா நல்ல மனிதர், ஆனால் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். வந்த இடத்தில் தனக்கும் ஒரு பிடிப்பு வேண்டுமென்று கொஞ்சம் கூட்டிச் சொல்வார். உம்மா சொன்னது வேறு. உம்மாவுக்கு அவர்களுடைய உம்மா சொன்னது. நீ அதைக் கேட்டதே இல்லை. இப்போது வேண்டுமானால் கேள், சொல்கிறேன். கேட்காமல் நானாக எழுதினால், லாத்தா வீட்டுக்கு உரிமை பேச ஆரம்பித்துவிட்டாள் என்பாய்.

அந்த வெள்ளைக்கார அம்மையாருக்கு என் ஸலாமைச் சொல். கல்யாணமும் ஆகாமல், தனியாக, இந்த வயதில் யாரோ ஒருவருடைய அண்ணனைத் தேடிக்கொண்டிருக்கிறாரே, பாவம்.

உன் பதிலை எதிர்பார்த்து,
லாத்தா ஷம்சாத்.


தம்மாம்,
20 ஜனவரி 2024.

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே தங்கியிருக்க இக்காமா புதுப்பிக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய கஃபீல் இன்று வா, நாளை வா என்று அலைக்கழித்துவிட்டார். பரிசோதனை முடிவு வந்ததும் சேர்த்து எழுதலாம் என்றும் இருந்தேன்.

முடிவு வந்துவிட்டது. ஒன்றும் இல்லை. ஒரு சொட்டுக்கூடப் பொருந்தவில்லை. நம் ஆண் வழி நம் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த வழியாம். அமீரா வீடியோ காலில் படம் போட்டுக் காட்டினாள். ட்ரெவின் குடும்பம் ஒரு கோடியில், நாம் மறு கோடியில் இருக்கிறோம். துரை அப்பாவாவது, மண்ணாங்கட்டியாவது! ஊரில் எவனோ கிளப்பிவிட்ட கதையை நாலு தலைமுறையாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறோம். கொஞ்சம் சிவப்பாகப் பிறந்த பிள்ளையையெல்லாம் 'துரை ரத்தம்' என்று கொஞ்சினார்களே, நினைத்தால் சிரிப்பு வருகிறது. உண்மையைச் சொன்னால் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

உம்மா சொன்ன கதையைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், பெண்கள் உட்கார்ந்து இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதும்போது ஆளுக்கொரு துண்டு சேர்த்து வளர்த்த கதைகள் அவை. அதெல்லாம் மார்க்கத்தில் இல்லாதது, நிறுத்துங்கள் என்று நான் இந்த ஊருக்கு வந்த புதிதிலேயே எழுதினேன், உம்மா கேட்கவில்லை. இப்போது விஞ்ஞானமே சொல்லிவிட்டது. இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

டொரத்தி அம்மையாருக்கும் எழுதிவிட்டேன். நீங்கள் தேடுகிறவர் நாங்கள் சொன்னவர் இல்லை, எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கே ஆதாரம் இல்லை, வீண் நம்பிக்கை கொடுத்ததற்கு வருந்துகிறேன் என்று. அவர் சிறியதாக ஒரு பதில் போட்டிருந்தார். நன்றி, பாவம் ஹன்னா, அவளுக்கு அண்ணன் கடைசிவரை கிடைக்கவே இல்லை என்று. ஹன்னா என்பது அந்தத் தங்கையின் பெயர். அதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது, ஆனால் நான் என்ன செய்ய முடியும்?

வீட்டைப் பற்றியும் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். துரை கட்டிய வீடு, ஆண் பிள்ளைக்குக் கட்டிய வீடு என்று நான் உங்களிடம் சண்டை போட்டதெல்லாம் அர்த்தமில்லாமல் போயிற்று. இனி அந்த வீட்டைப் பற்றி எனக்கு ஒரு பேச்சும் கிடையாது. என்னிடம் கேட்க வேண்டும் என்று யாரையும் காக்க வைக்க வேண்டாம். விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். கலாஸ், முடிந்தது.

அமீராவின் மகனுக்கு உங்கள் மூக்கு. சர்க்கரை கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது.

தம்பி,
கலீல்.


ஷரஃபியா, ஜித்தா,
11 பிப்ரவரி 2024.

தம்பி கலீல்,

ஸலாம். நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் இனி நான் சொல்லத்தான் வேண்டும். உட்கார்ந்து படி, கடையில் ஆள் வந்தால் நிற்கச் சொல்.

துரை அப்பாவுக்கு மகனே கிடையாது. ஒரே மகள்தான். அதனால் உன் கன்னத்தைத் தேய்த்தாலும் சரி, சுரண்டினாலும் சரி, அதில் அவர் இருக்க மாட்டார். உம்மா வழியில் தேட வேண்டியவரை வாப்பா வழியில் தேடினால் எங்கிருந்து கிடைப்பார்? வீட்டையும் அவர் கட்டவில்லை. வீடு முன்பே இருந்தது. அவர் நம் வாப்பாவைப் போல, உன்னைப் போல, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்.

உம்மா சொன்னது இதுதான். தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறங்கியவர், நம் ஊர் வியாபாரிகளுடைய தோணிகளுக்குப் பழுது பார்க்க வந்தார். காய்ச்சலில் விழுந்தார். பிழைக்க மாட்டார் என்று மற்றவர்கள் கைவிட்டபோது ஒரு வியாபாரி தன் சரக்குக் கிட்டங்கியில் கிடத்தி வைத்தியம் பார்த்தார். எழுந்ததும் கலிமா சொன்னார். பெயர் யாகூப் ஆயிற்று. அந்த வியாபாரி தன் தங்கை மகளையே அவருக்குக் கட்டிக்கொடுத்தார். தமிழ் நன்றாகப் பேசுவாராம், ஆனால் கோபம் வந்தால் மட்டும் அவர் பாஷை. வயதான பிறகு தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் போய் நிற்பாராம். ஊருக்கு ஒரு கடிதம் போடக்கூடாதா என்று பெண்சாதி கேட்டதற்கு, 'எழுதினா வரச் சொல்லுவா. வரச் சொன்னா போகாம இரிக்க ஏலாது' என்றாராம். யார் வரச் சொல்வாள் என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அங்கே ஒரு பெண்சாதி இருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் காலரா வந்தது. ஊரே பயந்து ஒதுங்கியிருந்த நேரம். மகள் மட்டும் தலைமாட்டை விட்டு நகரவில்லை. அவளிடம் ஒரு பெயரைச் சொல்லி, 'எம்பேர விட்டாலும் இந்தப் பேர விட்டுராதிங்கோ, இதுக்கு துஆ கேளுங்கோ' என்று சொல்லிவிட்டுத்தான் மவுத்தானார்.

நீ மார்க்கத்தில் இல்லை, நிறுத்துங்கள் என்று எழுதினாயே, அந்தக் கத்தத்தில் வருஷா வருஷம் வீட்டில் மவுத்தானவர்கள் பெயரெல்லாம் சொல்லி ஓதுவோம். வாப்பாவுக்கோ உனக்கோ அது தெரியாது, அது உள்வீட்டுப் பெண்கள் ஓதுவது. கடைசியாக ஒரு பெயர் வரும். சின்ன வயதில் நான் உம்மாவிடம் கேட்டிருக்கிறேன், இது யார் என்று. 'மர்யம் அலைஹஸ்ஸலாம் அவங்களோட உம்மாவா இரிக்கும்' என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இங்கே ஜித்தாவுக்கு வந்த பிறகும், மருமகள் முகம் சுளித்தாலும், என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஓதுகிறேன்.

அந்தப் பெயர் ஹன்னா.

உன் கடிதத்தில் அதைப் பார்த்ததும் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தத் தங்கை ஒரு கரையில் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்க, இந்தக் கரையில் அவள் யாரென்றே தெரியாத பெண்கள் நாலு தலைமுறையாக அவள் பெயரைச் சொல்லி துஆ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த அம்மையாருக்கு இப்போதே எழுது. அமீராவை எழுப்பியாவது எழுதச் சொல். பக்கத்தில் மகள் இருந்தாள், நினைத்தார், பெயர் சொல்லி நினைத்தார் என்று எழுது.

இன்னொன்றும் சொல்கிறேன், கடிதத்தில்தான் சொல்ல முடியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டில் வந்து உட்கார்ந்து, 'அமீராவுக்கு மாப்பிள பாக்கணும், வீடில்லாம யாரு வருவா? மூத்தவளுக்கு அவ உம்மா வீட்டக் குடுத்தாச்சி. ஒங்களுக்குத்தான் பொம்பளப்புள்ள இல்லையே, அந்த வீட்டக் குடுங்கோ' என்றாய். ஒரே மகனைப் பெற்றவளிடம், உனக்குத்தான் பெண் இல்லையே என்று சொன்னாய். அந்த மகன் பக்கத்து அறையில் இருந்தான். அவனுக்கு அமீராவைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நீ வருகிறாய் என்றதும் மாப்பிள்ளை கேட்கத்தான் வருகிறாய் என்று நெய்ச்சோறு ஆக்கி வைத்திருந்தேன். பெண் வீட்டார் வந்து கேட்பதுதானே முறை? நீ வீட்டைத்தான் கேட்டாய். என் மகனைக் கேட்டிருந்தால் வீடு தானாக வந்திருக்கும்.

லாத்தா.


தம்மாம்,
2 ஏப்ரல் 2024.

என் அன்பு லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலான் கடைசிப் பத்து, உம்ராவுக்கு வண்டி வண்டியாகப் போகிறார்கள். யார் கையில் கொடுத்தாலும் கிடைத்துவிடும். ஆனாலும் இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே அமீராவைக் கூப்பிட்டேன். அவள் போனிலேயே அழுதுவிட்டாள். நீங்கள் சொன்னது எல்லாவற்றையும், கத்தத்தை, அந்தப் பெயரை, காலராவின்போது மகள் நகராமல் இருந்ததை, ஒன்று விடாமல் எழுதி அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது. எழுதியது டொரத்தி அம்மையார் இல்லை, அவருடைய அண்ணன் மகள். அம்மையார் அதற்கு முந்தின வாரம்தான் தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

ஜனவரியில் நான் அவருக்கு எழுதியதை அச்செடுத்துத் தலைமாட்டில் மடித்து வைத்திருந்தாராம். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கே ஆதாரம் இல்லை என்று நான் எழுதிய அதே கடிதம். அதைத்தான் அவர் கடைசியாகத் தெரிந்துகொண்டு போயிருக்கிறார். நவம்பரில் நீங்கள், கேள், சொல்கிறேன் என்று எழுதினீர்கள். ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் அந்த மனுஷி சந்தோஷமாகக் கண் மூடியிருப்பார். நான் பஞ்சுக் குச்சியை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த அண்ணன் மகள் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். தேவாலயத்தில் அத்தைக்காகப் பிரார்த்திக்கும்போது யாகூப் என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதச் சொன்னேன்.

இனி நீங்கள் எழுதிய மற்ற விஷயம். அதைப் படித்துவிட்டுக் கடையை அடைத்துவிட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். லாத்தா, நான் அன்றைக்கு வந்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஃபவாஸைக் கேட்கத்தான். அமீராவின் உம்மா ஆறு மாதமாக என் காதைத் தின்றுகொண்டிருந்தாள், போய்க் கேளுங்கள், கேளுங்கள் என்று. ஆனால் பெண்ணுக்கு வீடில்லாமல் எந்த முகத்தோடு நான் உங்களிடம் வந்து மாப்பிள்ளை கேட்பேன்? நாலு பேர் என்ன சொல்வார்கள்? லாத்தா மகன் என்பதால் வீடில்லாமலே தள்ளிவிட்டான் என்பார்கள். அதனால் முதலில் வீட்டை வாங்கி அமீரா பெயரில் எழுதி, அதன் பிறகு தலை நிமிர்ந்து வந்து, இந்த வீட்டுக்கு உங்கள் மகனை மாப்பிள்ளையாக அனுப்புங்கள் என்று கேட்கலாம் என்று திட்டம் போட்டேன். உங்கள் வீட்டை வாங்கி உங்கள் மகனுக்கே கொடுக்க நினைத்த புத்திசாலி நான்.

நீங்கள் முடியாது என்றதும், என் பெண்ணை இவர்களுக்கு வேண்டாம் போலிருக்கிறது, அதைத்தான் வீட்டின் பேரில் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கோபத்தில்தான் துரை கட்டிய வீடு, ஆணுக்குக் கட்டிய வீடு என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். நெய்ச்சோற்றைக்கூடத் தொடாமல் எழுந்து போனேன்.

பெருநாள் முடிந்ததும் ஜித்தாவுக்கு வருகிறேன். ஒரு வேண்டுகோள். வீட்டை விற்றுக்கொள்ளுங்கள் என்று நான் எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். விற்காதீர்கள். அமீராவுக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம். நானும் இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் எக்ஸிட் விசா அடித்துக்கொண்டு ஊரோடு போகப் போகிறவன்தான். நாம் இரண்டு பேரும் ஊருக்குப் போய் அந்த வீட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காரலாம். நீங்கள் ஓதுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தம்பி,
கலீல்.


ஷரஃபியா, ஜித்தா,
21 ஏப்ரல் 2024.

என் கண்ணான தம்பிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பெருநாள் நன்றாகக் கழிந்ததா? இங்கே பேரப்பிள்ளைகள் இனிப்பைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டார்கள், வேறொன்றும் விசேஷமில்லை.

டொரத்தி அம்மையாருக்காக அழுதேன். ஹன்னாவின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டேன். நம்மவர் இல்லையே, மார்க்கத்தில் கூடுமா என்று ஃபவாஸ் கேட்டான். அல்லாஹ்வுக்குத் தெரியும், நீ போய் வேலையைப் பார் என்றேன்.

வீடு இல்லை, கலீல்.

உன் ஜனவரிக் கடிதம் வந்த அன்றே ஃபவாஸைக் கூப்பிட்டு, மாமா விற்கச் சொல்லிவிட்டார், முன்பணம் வாங்கு என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு. ஏழு வருஷமாக எதை உனக்காகப் பிடித்து வைத்திருந்தேனோ அதைக் கலாஸ் என்று ஒரு வார்த்தையில் தூக்கிப் போட்டுவிட்டாயே என்ற கோபம். இரண்டு நாள் கழித்துக் கோபம் ஆறி, தம்பியின் கடிதமாயிற்றே என்று மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் ஹன்னாவின் பெயரே என் கண்ணில் பட்டது. அதற்குள் அங்கே வார்த்தை கொடுத்தாயிற்று. உனக்கு எழுதியபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரமலானுக்கு முன்னால் ஃபவாஸ் ஊருக்குப் போய் என் பவரை வைத்துப் பதிந்து கொடுத்துவிட்டு வந்தான். நல்ல மனிதர்கள்தான் வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பெண்கள், இடித்துவிட்டு இரண்டு வீடாகக் கட்டப் போகிறார்களாம்.

நம் ஊரில் பெண்ணாகப் பிறந்து வீடில்லாதவள் இப்போது நான்தான். இனி ஊருக்குப் போனால் எந்த வாசலில் இறங்குவது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

நீ ஃபவாஸைக் கேட்கத்தான் வந்தாய் என்று எழுதிய பக்கத்தை மட்டும் கிழித்து எரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவன் கண்ணில் அது படவே கூடாது. அன்றைக்கு நீ எழுந்து போன பிறகு அவன் வந்து, 'மாமா வேற ஒண்ணும் கேக்கலியா உம்மா?' என்று கேட்டான். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணோடு நன்றாகத்தான் வாழ்கிறான். நீயும் அமீராவிடம் வாயைத் திறக்காதே. நாம் இரண்டு கிழங்களும் மூடி வைத்துக்கொண்டு போவோம்.

பெருநாள் முடிந்து வருகிறேன் என்று எழுதினாய், பெருநாள் முடிந்து பத்து நாளாகிவிட்டது. இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, வீடுதான் போய்விட்டதே, இனி எந்த முகத்தோடு போவது என்று அங்கேயே உட்கார்ந்துவிடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும். ஒன்றும் வாங்கி வர வேண்டாம், யாரையும் கூட்டி வர வேண்டாம். சண்டை போட இனி நம்மிடம் ஒரு வீடும் இல்லை. வந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் லாத்தா,
ஷம்சாத்.